கடிவாளம் பிடித்தவர்

விருத்தாசலம் ஜங்ஷனில் ஜட்கா ஓட்டிய காத்தவராயன் ஒரு நாளும் குதிரை மேல் ஏறியதில்லை. கேட்டால், "சோறு போடுற முதுவுல எவனாவது குந்துவானா?" என்பார். அவர் அப்பன் சொல்லிக்கொடுத்தது அது. செராமிக் கம்பெனியில் பீங்கான் கோப்பைகளை வைக்கோல் சுற்றிக் கூடையில் அடுக்குவது என் வேலை. அவற்றை ரயிலடிக்குக் கொண்டுபோவது அவர் வேலை. செவலை என்கிற அவருடைய பெண்குதிரை, பீங்கான் ஏறினால் தானாகவே நடையைக் குறைத்துக்கொள்ளும்.

அறுபத்தாறில், கோப்பை வாங்க வந்த மங்கலம்பேட்டை கமாலுதீன் பாய் என்னிடம் ஒரு சேதி சொன்னார். அவர் தம்பிக்கு நைரோபியில் கடை. அங்கே ஒரு வெள்ளைக்காரன், சீமையிலிருந்து வருகிறவர்களைக் குதிரையில் ஏற்றிக் காட்டுக்குள் கூட்டிப்போகிறானாம். வேட்டைக்கு இல்லை. வரிக்குதிரையையும் ஒட்டகச்சிவிங்கியையும் கிட்டே போய்ப் பார்த்துவிட்டு, கூடாரத்தில் தூங்கி எழுந்து வருவதற்கு. அதற்குக் காசு வேறு கொடுக்கிறார்களாம், கொழுப்புதான். குதிரை தெரிந்த ஆள் ஒருவர் வேண்டும், குதிரையோடு போட்டோ எடுத்து அனுப்பச் சொல் என்றார்.

காத்தவராயனிடம் சொன்னேன். மனிதர் அன்றிலிருந்து தரையில் நடக்கவில்லை. "வண்டி பூட்டாத, கண்பட்டை கட்டாத குதிரைய நான் பாத்ததே இல்லடா. சாவறதுக்குள்ள பாத்துடணும்" என்று பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொன்னார்.

மணிமுத்தாற்று மணலில் போட்டோ எடுத்தோம். போட்டோக்காரர் குதிரை மேல் ஏறச் சொன்னார். இவர் முடியவே முடியாது என்றார். கூட வந்திருந்த அவர் தங்கை கொளஞ்சியம்மாளின் புருஷன் ராஜாங்கம், எங்கள் செராமிக் சூளையில் வேலை செய்கிறவன், "நான் குந்துறேன் மச்சான், அதுக்கென்ன?" என்று ஏறிவிட்டான். இவர் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு கீழே நின்றார்.

எனக்கு உறுத்தியது. "பாக்குறவங்க மேல இருக்குறவனத்தானே ஆளுன்னு நெனப்பாங்க?" என்றேன்.

"போடா. கல்யாண ஊர்வலத்துல மாப்பிள்ளை குதிர மேல வரான். அவனையா குதிரைக்காரன்னு சொல்றோம்? புடி யார் கையில இருக்குதுன்னுதான் பாப்பாங்க."

பதில் வந்த அன்று இவர் பாரத்தோடு ரயிலடிக்குப் போயிருந்தார். செராமிக் வாசலில் பாயிடம் பேசியது ராஜாங்கம்தான். சாயங்காலம் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்து நின்றான். "போட்டோவுல குந்தியிருக்கறவன்தான் வரணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறாரு மச்சான். எவ்வளவோ சொல்லிப் பாத்தேன்."

காத்தவராயன் வெகுநேரம் செவலையின் பிடரியைத் தடவிக்கொண்டு நின்றார். பிறகு, "என் தலையெழுத்து. நீ போயிட்டு வா மாப்ள, தங்கச்சியாவது நல்லா இருக்கட்டும்" என்றார். சொன்னதோடு விடவில்லை. குதிரைக்குப் பின்னால் நிற்கவே பயந்தவனுக்குக் குளம்பு பார்க்கவும், குதிரைக்கு வயிற்றுவலி வந்தால் மெல்ல நடத்திக்கொண்டே இருக்கவும் சொல்லிக்கொடுத்தார். மெட்ராஸ் ரயிலுக்கு ஜட்காவில் கொண்டுபோய் விட்டதும் அவர்தான்.

மறுவருஷம் பாய் ஒரு போட்டோவோடு வந்தார். கண்ணுக்கு எட்டியவரை புல். ஒட்டகச்சிவிங்கிகள் தலையைத் தூக்கிப் பார்க்கின்றன. வெள்ளைக்காரர்கள் வரிசையாகக் குதிரையில். முன்னால் தொப்பி போட்டு ராஜாங்கம். கூடை ஏற்றிக்கொண்டிருந்த காத்தவராயனைப் பார்த்ததும் பாய்க்கு அடையாளம் தெரிந்துவிட்டது.

"அட, குதிரையப் புடிச்சிக்கிட்டு நின்னது நீதானே? இந்தா, ஒன் மொதலாளியப் பாரு. வண்டி, குதிர எல்லாம் தன்னோடது, நீ சம்பளத்துக்கு ஓட்டுற ஆளுன்னு ராஜாங்கம் அன்னிக்கே சொன்னாரு. நல்லா பாத்துக்குறியா?"

எனக்கு ரத்தம் கொதித்தது. வாயைத் திறந்தேன். காத்தவராயன் என் கையை அழுத்தினார். "பாத்துக்குறேன் பாய்" என்றார்.

பாய் போனதும் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்து அழுதார். "போனது போவட்டும்டா. என் வூட்டுச் சோத்தத் தின்னுட்டு என்னையே வேலைக்காரன்னுட்டானே."

"பாய்கிட்ட ஒரு வார்த்த சொன்னா நாளைக்கே திரும்பி வந்துடுவான்."

"வந்தா கொளஞ்சி என்னா பண்ணுவா? அவளுக்கு இது தெரியவே கூடாது."

கூட இருந்தே குழி பறித்தவனுக்கு இவர் காவல். எனக்கு அவர் மேலேயே கோபம் வந்தது.

எழுபத்தொன்றில் ராஜாங்கம் லீவில் வந்தான். கறுப்புக் கண்ணாடி, சூட்கேஸ், வாசனை. ரயிலடியில் கொளஞ்சியம்மாள் பிள்ளைகளோடு காத்திருந்தாள். நானும் கூடைகளோடு நின்றிருந்தேன். "நல்லா இருக்கீங்களா மச்சான்?" என்று ராஜாங்கம் கையை நீட்டினான்.

காத்தவராயன் சூட்கேஸை வாங்கி வண்டியில் வைத்தார். துண்டால் உட்காரும் இடத்தைத் தட்டிவிட்டார். "ஏறுங்க மொதலாளி" என்றார்.

ராஜாங்கத்தின் முகம் செத்துவிட்டது. நீட்டிய கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் வண்டியில் ஏறினான். கொளஞ்சியம்மாளும் பிள்ளைகளும் ஏறினார்கள்.

காத்தவராயன் தன் இடத்தில் ஏறி உட்காரவில்லை. முன்னால் போய்ச் செவலையின் கடிவாளத்தைப் பிடித்தார், போட்டோவில் நின்றது போலவே. கடைத்தெரு முழுக்கப் பார்க்க, வீடு வரைக்கும் நடந்தே போனார். ராஜாங்கம் தலையைத் தூக்கவில்லை.

"மொதலாளியாமே! எங்க அண்ணனுக்குக் கிண்டலப் பாரு" என்று கொளஞ்சியம்மாள் மட்டும் வழியெல்லாம் சிரித்துக்கொண்டே போனாள்.