ஸ்டெல்லா டீச்சர் பேசிய ஒரே வசனம்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு ஹாலில் ஒரு சினிமா பார்த்தோம். நான், என் வீட்டுக்காரர், பக்கத்துத் தெரு ஸ்டெல்லா, அவள் கணவர் டேவிட். இதில் என்ன விசேஷம் என்கிறீர்களா? ஸ்டெல்லா அந்தப் படத்தில் நடித்தவள்.

குன்னூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். சர்ச்சில் வருஷா வருஷம் கிறிஸ்துமஸ் நாடகம் போடுவதும் அவள்தான். நாடகத்தை எதேச்சையாகப் பார்த்த ஒரு புது டைரக்டர், தன் முதல் படத்தில் அவளுக்கு ஒரு வேஷம் கொடுத்தார். தேயிலைக் கொழுந்து பறிக்கும் அம்மா. வெளியூர் வேலைக்குக் கிளம்பும் மகளை பஸ் ஸ்டாப் வரை வந்து அனுப்பி வைக்கிறாள். ஒரே ஸீன், ஒரே வசனம். தேவாலாவில் கொட்டுகிற மழையில் எடுத்தார்கள். ஜுரத்தோடு வீடு திரும்பினாள். ஆனால் அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

படம் கோயம்புத்தூரில் ரிலீஸ் ஆனது. மலையை விட்டு இறங்கிப் போக நாங்கள் பிளான் போட்டு முடிப்பதற்குள் தியேட்டரை விட்டே போய்விட்டது. அப்புறம் ஒரு ஆப்பில் வந்தது. எங்கள் வீட்டில் ஏற்கெனவே இரண்டு ஆப்புக்குப் பணம் கட்டுகிறோம். இது அந்த இரண்டிலும் இல்லை.

"ஒரு படத்துக்காக இன்னொரு ஆப்பா?" என்றார் வீட்டுக்காரர். நியாயமான கேள்வி மாதிரிதான் இருந்தது.

அதற்குள் நான் பாடும் சர்ச் கொயரின் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு லிங்க் வந்தது. 'நம்ம ஸ்டெல்லா டீச்சர் நடிச்ச படம். எல்லாரும் தவறாம பாருங்க.' கீழே வரிசையாக இதயங்கள். ஸ்டெல்லா கொயரில் இல்லை. அதனால் அந்த குரூப்பிலும் இல்லை. படம் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. நானும்தான். வீட்டுக்காரர் அதை இறக்கி பென்டிரைவில் போட்டு வைத்தார்.

எனக்கு ஓர் ஆசை. அவர்கள் இருவரையும் சாப்பிடக் கூப்பிட்டு, ஸ்டெல்லாவைப் பக்கத்தில் உட்கார வைத்துப் படம் பார்க்க வேண்டும்! திருட்டுப் பொருளை வீட்டில் வைத்துக்கொண்டு, அதன் சொந்தக்காரியையே விருந்துக்கு அழைக்கிறேன் என்பது அப்போது எனக்கு உறைக்கவே இல்லை.

சர்ச் முடிந்து வந்தார்கள். சாப்பிடும்போது ஸ்டெல்லா கேட்டாள்.

"ஏனுங்கக்கா, ஒரு விஷயம் எனக்குப் புரியவே மாட்டேங்குதுங்க. மார்க்கெட்டுக்குப் போனாலும் பேங்குக்குப் போனாலும் 'உங்க படம் பாத்தோம் டீச்சர்'ங்கறாங்க. டைரக்டர் தம்பிக்குப் போன் பண்ணினா, ஆப்புல ஒருத்தருமே பாக்கலீங்க டீச்சர்ங்கறாரு. எத்தன பேரு பாக்கறாங்கன்னு ஆப்புக்காரங்களுக்குத் தெரியுமாம். அத வெச்சுத்தான் அவருக்கு அடுத்த படமே கெடைக்குமாம்."

"ஆப்புல ஏதாச்சும் கோளாறா இருக்கும்" என்றார் டேவிட்.

"நானும் அதத்தான் அவருகிட்டச் சொன்னேன்." தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அடுத்த படத்துல பெரிய வேஷம் குடுக்கறேன்னிருக்காருங்கக்கா."

நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்தட்டுமா?" என்றேன்.

பென்டிரைவ் டி.வி.யில் செருகித் தயாராக இருந்தது. அப்போதாவது எழுந்து போய்ப் பிடுங்கியிருக்கலாம். 'இன்னைக்கு நெட் வரலை' என்று ஒரு பொய் போதும்... எங்கள் மலையில் யாரும் சந்தேகப்படாத பொய் அது. செய்யவில்லை. அவள் கண்டுபிடிக்க மாட்டாள் என்று நினைத்தேன்.

படம் ஆரம்பித்ததுமே திரையின் மூலையில் ஏதோ சூதாட்டக் கம்பெனியின் பெயர் வந்து உட்கார்ந்துகொண்டது. ஸ்டெல்லா அதைப் பார்த்தாள். டி.வி. ஓரத்தில் மினுக்கிய பென்டிரைவைப் பார்த்தாள். ஒரே ஒரு தடவை என்னைப் பார்த்தாள். அப்புறம் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. வீட்டுக்காரர் ரிமோட்டின் பின்பக்கத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

அவளுடைய ஸீன் வந்தது. மழை. பஸ். நனைந்துபோய் ஸ்டெல்லா நிற்கிறாள். மகளைப் பார்த்து வாயைத் திறக்கிறாள் –

விளம்பரம் பாய்ந்து வந்தது. ஒருவன் பெருங்குரலில், இப்போதே விளையாடுங்கள், லட்ச லட்சமாக அள்ளுங்கள் என்று கத்தினான். அவன் கத்தி முடித்தபோது பஸ் போய்விட்டிருந்தது.



"இந்த எடத்துல நான் ஒன்னு சொல்லுவேனுங்கக்கா" என்றாள் ஸ்டெல்லா. டி.வி.யைப் பார்த்தபடியே, மெதுவாக, எங்களுக்காகச் சொன்னாள்.

"குடைய நீயே கொண்டு போ கண்ணு. எனக்கு இந்த மழை பழகினதுதான்."

பாராட்ட வேண்டும் போல இருந்தது. எந்த வாயால் பாராட்டுவது?

படம் முடிந்ததும், "குரூப்புல லிங்க் வந்துது ஸ்டெல்லா... யோசிக்காம எடுத்துட்டோம்" என்றேன்.

"ஆசையாத்தானக்கா கூப்பிட்டீங்க" என்றாள். டீக்கு இருக்கச் சொன்னேன். பேப்பர் திருத்த வேண்டியிருக்கிறது என்று கிளம்பிவிட்டாள்.

ஏன் இப்படிச் செய்கிறோம்? காசில்லையா? அந்த ஆப்பின் ஒரு மாதச் சந்தாவை விட எங்கள் வீட்டில் டீயில் தொட்டுத் தின்னும் வர்க்கிக்கு அதிகம் செலவாகிறது. பக்கத்துத் தோட்டத்தில் ஒரு கேரட்டைக் கூடப் பிடுங்க மாட்டேன். கடைக்காரர் தவறுதலாகக் கூடுதல் சில்லறை கொடுத்தால் திரும்பிப் போய்க் கொடுப்பேன். லிங்க் என்றால் மட்டும் கை ஏன் கூசவில்லை? எடுத்த இடத்தில் எதுவும் குறைந்த மாதிரி தெரிவதில்லை. அந்தப் பக்கம் ஆள் இருப்பதும் தெரிவதில்லை. கூடவே, எல்லாரும்தானே பார்க்கிறார்கள் என்ற தைரியம்.

எங்கள் ஊரில் ஸ்டெல்லாவுக்கு வேண்டாதவர்கள் யாருமில்லை. அத்தனை பேரும் அவளை நினைத்துப் பெருமைப்பட்டோம். பெருமைப்பட்டுக்கொண்டே, அவள் படத்தை யாருமே பார்க்காத படமாக்கிவிட்டோம்.

மறுநாள் அந்த ஆப்புக்குப் பணம் கட்டினேன். ஓ.டி.பி. வர சிக்னல் தேடி ஜன்னலோரம் போய் நின்றதைத் தவிர ஒரு கஷ்டமும் இல்லை. கொயர் குரூப்பில் ஆப்பின் பெயரைப் போட்டு, இதில் பாருங்கள் என்று எழுதினேன். சிலர் கட்டை விரலைத் தூக்கினார்கள். ஒருவர், 'இதுக்கு லிங்க் இருக்கா?' என்று கேட்டார். டைரக்டரின் அடுத்த படம் பற்றி இதுவரை தகவல் இல்லை.

படத்தைப் பார்த்துவிட்டு ஸ்டெல்லாவுக்குப் போன் செய்தேன். வசனம் தெளிவாகக் கேட்டது என்றேன்.

"முழுசாப் பாத்தீங்களாக்கா?"

"முழுசா."

"கடைசில பேரு ஓடுமே, அதுங்க?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "அது ஆரம்பிச்சதும் ஆஃப் பண்ணிட்டேன் ஸ்டெல்லா."



"அதையும் பாருங்கக்கா. அன்னைக்கு எங்கூட மழைல நின்னவங்க பேரு பூரா அதுலதான் இருக்குது."

போனை வைத்துவிட்டு மறுபடி போட்டேன். லைட் பிடித்தவர்கள், துணி தைத்தவர், சமையல்காரர்கள், அந்த பஸ்ஸை ஓட்டியவர்... பெயர்கள் மேலே ஏறிக்கொண்டே இருந்தன.

அதுவரைக்கும், ஸ்டெல்லா ஒருத்தியின் முகத்தில்தான் விழிக்க முடியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.