சித்தப்பாவின் இலையில் என்ன வைப்பது?

போன ஞாயிற்றுக்கிழமை வேப்பம்பட்டில் ஒரு சண்டை. செத்துப்போன ஒருவருக்கு என்ன பிடிக்கும் என்பதுதான் விவகாரம். சண்டை போட்ட இருவருமே அவர்மேல் உயிரையே வைத்திருந்தவர்கள். நான் நடுவில் உட்கார்ந்து பந்திக்கான வாழை இலைகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

இந்தப் பக்கத்தை வாரம் தவறாமல் படிப்பவர்களுக்கு என் சித்தப்பாவைத் தெரியும். மின்சார ரயிலில் கொய்யாப்பழத்தை நறுக்கி, சட்டைப் பையிலிருந்து உப்பும் மிளகாய்த்தூளும் கலந்த பொட்டலத்தை எடுத்துத் தூவி, பக்கத்து சீட்டுக்காரர், எதிர் சீட்டுக்காரர், கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வருபவர் என்று எல்லாருக்கும் கொடுப்பாரே... அவர்தான்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னக் கம்பெனியில் லேத் ஓட்டினார். கையில் டிபன் கேரியர் இல்லாமல் அவரைப் பார்த்திருக்கிறேன். பையில் அந்தப் பொட்டலம் இல்லாமல் பார்த்ததே இல்லை. மாங்காய்க்கு உப்பு. வெள்ளரிக்காய்க்கு உப்பு. தர்பூசணிக்குக்கூட உப்பு. "உப்பு இல்லன்னா கொய்யாவ மாடு துன்னும், மனுஷன் துன்னுவானா?" என்று கேட்பார்.

அவர் போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. இதை டைப் செய்யும்போதே விரல் கொஞ்சம் நிற்கிறது. நான் பள்ளிக்கூடம் போகும் வயதிலேயே என் அப்பா காலமாகிவிட்டார். என் கல்யாணத்தில் அப்பாவின் இடத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக் கொடுத்தவர் சித்தப்பாதான். கொடுத்த கையோடு மண்டபத்தின் பின்பக்கம் போய், பாத்திரம் கழுவுகிறவர்கள் மத்தியில் நின்று அழுதார். இப்படி ஒரு ஆளை இழப்பது என்றால் என்ன என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டுமா?

எதில் போனார்? மறைத்து என்ன ஆகப்போகிறது... குடியில் போனார். சனிக்கிழமை சாயங்காலம் அண்ணனோடு, அதாவது என் பெரியப்பாவோடு, உட்கார்ந்து கொஞ்சம் என்று ஆரம்பித்தது. பிறகு அதற்கு சனிக்கிழமை தேவைப்படவில்லை. அண்ணனும் தேவைப்படவில்லை. கல்லீரல் கெட்டது. வயிற்றில் நீர் கோத்து வீங்கியது. குடியையும் விடு, உப்பையும் விடு என்றார் டாக்டர்.

குடியை விட்டார். நம்புங்கள், சத்தியமாக விட்டுவிட்டார். உப்பை விடுவதற்குள்தான் மனிதர் துடித்துப்போனார். சுவரைப் பிடித்துக்கொண்டு சமையலறைக்குப் போய் டப்பா டப்பாவாகத் திறந்து பார்ப்பார். சித்தி என்ன செய்தார் தெரியுமா? உப்பு ஜாடியையே தூக்கிக்கொண்டுபோய் எதிர் வீட்டில் வைத்துவிட்டார். அந்த வீட்டில் அதற்குப் பிறகு ஒரே சட்டிதான், ஒரே சமையல்தான். அவர் தின்ற உப்பில்லாக் கூழைத்தான் சித்தியும் தின்றார். அப்படியும் அவர் பிழைக்கவில்லை.

அவர் போன பிறகு சித்தி வீட்டைப் பூட்டிவிட்டுப் பூந்தமல்லியில் இருக்கும் மகள் கவிதாவிடம் போய்விட்டார். ஆனால் முதல் வருஷப் படையலை வேறு எங்கேயும் போட முடியாதே? செத்தவர் தன் வீட்டைத் தேடித்தான் வருவார் என்பது எங்கள் குடும்பத்தின் நம்பிக்கை. அதனால் ஞாயிற்றுக்கிழமை காலை எல்லாரும் வேப்பம்பட்டில் கூடினோம்.

தெருமுனையில் ஃபிளெக்ஸ் பேனர். முதலாம் ஆண்டு நினைவஞ்சலி. மேகம், புறா, நடுவில் கோட்டும் டையும் போட்ட சித்தப்பா. வாழ்நாளில் கோட்டுப் போட்டதே இல்லை அந்த மனிதர். தலை மட்டும் அவருடையது, மீதி கம்ப்யூட்டர்காரர் உபயம். செத்துப்போனவருக்கு ஆளாளுக்குப் பிடித்ததை மாட்டிவிடுகிறோம். அவர் எழுந்து வந்து கழற்றவா போகிறார்?

பெரியம்மா ஆவடியிலிருந்தே வடை, பாயசம், வறுவல் எல்லாம் டப்பாக்களில் கொண்டுவந்துவிட்டார். சித்தி ஒன்றே ஒன்றைத்தான் தன் கையால் செய்வேன் என்று நின்றார். மாங்காய் போட்ட விரால் மீன் குழம்பு. என்னை மாங்காய் நறுக்க மட்டும் விட்டார்.

"நறுக்கிட்டியா பாப்பா? வெச்சிட்டு நீ வெளிய போ. அடுப்பாண்ட யாரும் வர வாணாம்."

ஒரு வருஷத்துக்குப் பிறகு அந்த அடுப்பு எரிந்தது. அதே மண்சட்டி. குழம்பு கொதிக்கும் வாசனை கூடத்துக்கு வந்தபோது கவிதா வாயைப் பொத்திக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டாள்.

நான் சித்தப்பாவின் படத்துக்கு முன்னால் இலை போட்டேன். பெரியம்மா புது வேட்டியும் வெற்றிலை பாக்கும் வைத்தார். பெரியப்பா மஞ்சள் பையைத் திறந்து ஒரு குவார்ட்டர் பாட்டிலை எடுத்து இலையின் ஓரத்தில் வைத்தார்.

குழம்புச் சட்டியோடு வந்த சித்தி நின்றுவிட்டார்.

"இது இன்னாத்துக்கு மாமா?"

"இன்னாத்துக்கா? அவன் ஆசப்பட்டத வெக்கணும்மா. வெக்காட்டி அவன் இங்கியே சுத்திகினு கெடப்பான். எங்க அப்பனுக்கு நான் வெக்கல? சுருட்டு கூட வெச்சேன்."

"உயிரோட கீறப்ப ஊத்திக் குட்த்தீங்களே மாமா. அது போதும்."

வெளியே போன ரயிலின் சத்தம்தான் கேட்டது. பெரியப்பாவின் முகம் சுருங்கிவிட்டது. ஒரு விஷயம் சொல்ல வேண்டும்... தம்பி போன நாளிலிருந்து பெரியப்பா குடிப்பதில்லை. யாரும் கேட்டுக்கொள்ளவில்லை, தானாகவே நிறுத்திவிட்டார். அந்தக் கடைப்பக்கம் போகாதவர், தம்பிக்காகப் போய் வரிசையில் நின்று வாங்கி வந்திருக்கிறார்.

"எனக்கு வேற இன்னாமா தெரியும் அவனப் பத்தி?" என்றார் மெதுவாக. "அவனும் நானும் உக்காந்து பேசினதே அத்த வெச்சிதான்."

யோசித்துப் பாருங்கள், நாம் நேசிப்பவர்களைப் பற்றி நமக்குத் தெரிந்ததெல்லாம் எவ்வளவு கொஞ்சம்? கம்பெனிக்காரர்களுக்கு அவர் நல்ல டர்னர். ரயில்காரர்களுக்குக் கொய்யாப்பழம். அண்ணனுக்கு ஒரு பாட்டில். ஆளுக்கு ஒரு துண்டை வைத்துக்கொண்டு, அதுதான் முழு ஆள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். நான் உட்பட.

சித்தி சட்டியை இறக்கி வைத்தார். குரல் உயரவில்லை.

"எனக்குத் தெரியும் மாமா. கடேசியா ஆஸ்பத்திரில இன்னா கேட்டாரு தெரியுமா? மாங்கா போட்டு வெரால் கொயம்பு. ஒரே ஒரு வாட்டி, உப்பு ஒறப்பா வெச்சிக் குடு செல்வின்னாரு. கையப் புட்ச்சிகினு கேட்டாரு. டாக்டரு கூடாதுன்னாரு, நானு தர்ல. உப்பில்லாமயே அனுப்பி வெச்சிட்டேன். இன்னிக்கி எந்த டாக்டரு வந்து தடுக்கறாருன்னு பாக்கறேன். அவருக்கு இது போதும். வேற ஒண்ணும் வாணாம்."

பெரியப்பா பாட்டிலை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

படையலுக்கு எங்கள் வீட்டில் சில சட்டங்கள் உண்டு. சமைப்பவர்கூட ருசி பார்க்கக் கூடாது. அவர் சாப்பிடுவதற்கு முன்னால் வேறு நாக்கு அதில் படக்கூடாது. இலையில் எல்லாவற்றையும் பரிமாறி, கற்பூரம் காட்டி, விளக்கை எரியவிட்டு, கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வெளியே வந்துவிட வேண்டும். அவர் வந்து நிம்மதியாகச் சாப்பிட்டுப் போக வேண்டுமாம். கொஞ்ச நேரம் கழித்துக் கதவைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். சொந்த வீட்டுக் கதவைத் தட்டிப் பார்த்திருக்கிறீர்களா? உள்ளே யாரும் இல்லை என்று தெரிந்தே தட்டிப் பார்த்திருக்கிறீர்களா?

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. ஆனால் அன்று தெருவில், வெயிலில் நின்றபோது உள்ளே ஏதாவது சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டுதான் நின்றேன். சித்தி கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஒரு நிறைவு. அந்த முகத்தை ஒரு வருஷமாக நான் பார்க்கவில்லை.

பிறகு உள்ளே போய் எல்லாரும் பந்தியில் உட்கார்ந்தோம். கவிதா பரிமாறினாள். நான் குழம்பைப் பிசைந்து ஒரு வாய் வைத்தேன்.

புளி ஏறியது. காரம் ஏறியது. அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை.

நிமிர்ந்து பார்த்தேன். பெரியம்மா என்னைப் பார்த்தார். கவிதாவின் கணவர் சோற்றில் கை வைத்தபடியே இருந்தார். பெரியப்பா மட்டும் தலையைக் குனிந்துகொண்டு வேக வேகமாகச் சாப்பிட்டார். சட்டியை நீட்டச் சொல்லி இன்னொரு முறை வாங்கிக்கொண்டார். சற்று முன்புதான் சித்தியோடு மல்லுக்கு நின்ற மனிதர் அவர். "நான் அப்பவே சொன்னேன்" என்று ஆரம்பித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஆரம்பிக்கவில்லை.

கடைசியாகச் சித்தி உட்கார்ந்தார். ஒரு வாய் எடுத்து வைத்தார். கை அப்படியே நின்றது.

"உப்பு போட்லியா நானு?"

"நல்லாதாம்மா கீது," என்றார் பெரியப்பா.

சித்தி கையை உதறிவிட்டு இலையைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். "அப்பவும் தர்ல... இப்பவும் தர்லியா?" என்றார். பிறகு அழுதார். சாவு அன்றுகூட அவர் அப்படி அழுது நான் பார்க்கவில்லை. கவிதா ஓடிவந்து கட்டிக்கொண்டாள். என்ன சொல்லித் தேற்றுவது? அந்த வீட்டில், அந்த அடுப்பில், அவருக்கென்று கடைசியாகச் சமைத்தபோதெல்லாம் உப்பு போடாமல் சமைத்த கை அது. போடாதே, போடாதே, போட்டால் செத்துவிடுவார் என்று மாதக்கணக்கில் பயந்த கை. ஒரு வருஷம் கழித்து அவருக்காக அடுப்பைப் பற்றவைத்ததும் பழையபடி பயந்துவிட்டது. அந்தச் சமையலறையில் போடுவதற்கு உப்பும் இல்லை. ஜாடி எதிர் வீட்டில் அல்லவா இருக்கிறது?

கொஞ்ச நேரத்தில் சித்தி எழுந்தார். முகத்தைக் கழுவிக்கொண்டு தெருவைத் தாண்டி எதிர் வீட்டுக்குப் போனார். திரும்பி வரும்போது இடுப்பில் ஜாடி. வாய்க்குக் கட்டிய துணிகூட மாறவில்லை. எதிர் வீட்டுக்காரம்மா அதை அப்படியே வைத்திருந்திருக்கிறார்.

சட்டியில் மிச்சமிருந்த குழம்பை மறுபடி அடுப்பில் ஏற்றினார். பெரியம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"ஒருவாட்டி படச்சத மறுவாட்டி படைக்கக் கூடாது செல்வி. ஆவாது."

"நீ சும்மா இரு," என்றார் பெரியப்பா. "கவிதா, புது இலை ஒண்ணு அறுத்துக்கினு வா."

மறுபடி இலை. மறுபடி சோறு, குழம்பு, கற்பூரம். மறுபடி கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் தெருவில் நின்றோம். சைக்கிளில் போன ஒருவர் காலை ஊன்றி நின்று, "இன்னாண்ணா, இப்பதான படச்சீங்க?" என்று கேட்டார்.

"தம்பி சரியா சாப்டல," என்றார் பெரியப்பா. "திரும்பக் கூப்ட்டுக்கீறோம்."

கேட்டவர் சிரிக்கவில்லை. தலையை ஆட்டிவிட்டு மெதுவாக மிதித்துக்கொண்டு போனார்.

ஒன்று சொல்ல விட்டுப்போய்விட்டது. இந்த முறை இலையில் ஊற்றுவதற்கு முன்னால் சித்தி கரண்டியிலிருந்து ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு, நாக்கில் வைத்துப் பார்த்தார். எங்கள் எல்லார் கண்முன்னாலும்தான்.

படையலை ருசி பார்க்கக் கூடாது என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை.