மூன்றாம் அடுக்கில் ஆரோக்கியம் அக்கா

கணினி ஆய்வகப் பொறுப்பாளர் என்பது, எது கெட்டாலும் முதல் ஆளாகக் கூப்பிடப்படுகிற, எது முடிவானாலும் கடைசி ஆளாகச் சொல்லப்படுகிற உத்தியோகம். மின்விசிறி சுற்றவில்லை என்றுகூட உங்களைக் கூப்பிட்டிருப்பார்கள். ஆகவே, சக துன்பவாசிகளே, நான் சொல்வது உங்களுக்குப் புரியும். 2009-ல், எம்.சி.ஏ. முடித்த கையோடு, உத்தமபாளையம் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் சேர்ந்தேன். கம்பத்திலிருந்து தினமும் பஸ். எனக்கு வாய் அதிகம் என்று அத்தா சொல்வார். வாதாடினால் ஜெயித்துவிடலாம் என்று நம்பிய வயது.

முதல்வருக்கு என்ன நம்பர்?

கல்லூரியில் ஒரே ஒரு பெரிய கணினி வாங்கினார்கள். மாணவர் ஆய்வகம், அலுவலகம், மதிப்பெண் மூன்றும் அதிலேயே ஓட வேண்டுமாம். அந்த நிஜக் கணினிக்குள் மூன்று மெய்நிகர்க் கணினிகளை அமைத்தேன். ஒவ்வொன்றும் தன்னைத் தனிக் கணினி என்றே நினைத்துக்கொள்ளும். பக்கத்தில் இன்னொன்று இருப்பதே அதற்குத் தெரியாது.

ஆசிரியர் கூட்டத்தில் விளக்கச் சொன்னார்கள். புராசசருக்குள் அதிகாரம் பூஜ்யம் முதல் மூன்று வரை அடுக்கடுக்காக இருக்கிறது என்றேன். பூஜ்யத்தில் இருக்கும் இயங்குதளம் எதையும் செய்யலாம். நாம் திறக்கிற நிரல்கள் எல்லாம் மூன்றில். எதற்கும் அனுமதி கேட்டாக வேண்டும். மெய்நிகர்க் கணினியின் இயங்குதளமும் தான் பூஜ்யத்தில் இருப்பதாக எண்ணி அதிகாரம் செய்யும். எல்லை மீறினால் அடியில் இருக்கிற நிஜக் கணினி பிடித்து நிறுத்திவிடும். எல்லாரும் குறிப்பெடுத்தார்கள். கல்லூரி முதல்வர் தனக்கு என்ன நம்பர் என்று கேட்டார். யார் திறந்தாலும் நிரல் மூன்றில்தான் ஓடும், எனக்கும் அப்படித்தான் என்றேன். அவர் முகம் சுண்டிவிட்டது.

"ஏம்மா, நானும் டைப்பிஸ்ட் ஆரோக்கியமும் ஒரே நம்பரா?"

அழித்துப் பாருங்கள் அக்கா

ஆரோக்கியம் அக்கா ராயப்பன்பட்டிக்காரர். ஏழு வருடமாகத் தற்காலிகம். அந்த ஜூனில் நிரந்தர உத்தரவு வரும் என்று முதல்வர் வாயாலேயே சொல்லியிருந்தார். ஆசிரியர்கள் தரும் தாளைப் பார்த்து அகமதிப்பீட்டு மதிப்பெண்களை ஏற்றுவது அக்காவின் வேலை. வரி தவறாமல் இருக்க ஸ்கேலை வைத்து நகர்த்தி நகர்த்தி ஏற்றுவார். முடிந்ததும் தாளை ஆசிரியரிடமே திருப்பிக் கொடுத்துவிடுவார். தன் கைபட்டு ஏதாவது அழிந்துபோய், வரவேண்டிய உத்தரவு நின்றுவிடுமோ என்று ஓயாத பயம்.

ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து, ஏற்றியதை அழித்துப் பாருங்கள் என்றேன். சிலுவை போட்டுக்கொண்டு பொத்தானை அமுக்கினார். அனுமதியில்லை என்று வந்தது. இந்த மதிப்பெண் கணினிக்கே நிர்வாகியாக இருந்தாலும் வெளியே நிஜக் கணினியில் ஒரு கோப்பைக்கூடத் தொட முடியாது என்று சொன்னேன். அன்றைக்குத்தான் அவர் பல் தெரியச் சிரித்துப் பார்த்தேன்.

"அப்ப எது போனாலும் எம்மேல பழி வராதுல்ல தாயி?"

துண்டுச் சீட்டு

நிஜக் கணினியின் கடவுச்சொல் எனக்கு மட்டும்தான் தெரியும். முதல்வர் கேட்டபோது அரைமணி நேரம் வாதாடித் தர மறுத்தேன். அந்தக் கணினி இருக்கிற ஏசி அறைக்குள் வருகிற யாரும் செருப்பைக் கழற்றிவிட்டு, பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும், முதல்வரும் போடுவார். தாளாளரின் மச்சினருக்கு மட்டும் இரண்டும் கிடையாது. ஒரு வெள்ளிக்கிழமை ஷூவோடு வந்து நின்று கடவுச்சொல் கேட்டார். அதட்டவெல்லாம் இல்லை, சிரித்துக்கொண்டேதான் கேட்டார். மறுக்க எனக்குப் பத்துக் காரணம் தெரியும். ஆனாலும் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன். சீட்டை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"எங்க பெட்டியத் தொறக்க ஒங்கிட்டச் சாவி கேக்க வேண்டியிருக்கு பாரு, பாப்பா!"

கல்யாண வீடியோ

திங்கட்கிழமை காலை மூன்று மெய்நிகர்க் கணினிகளும் எழவில்லை. உள்ளே இருந்து பார்த்தால்தான் அது கணினி. வெளியே நிஜக் கணினியிலிருந்து பார்த்தால் ஒரு பெரிய கோப்பு, அவ்வளவுதான். அந்த மூன்று கோப்புகளும் இல்லை. பதிலுக்கு மச்சினர் மகளின் கல்யாண வீடியோ இருந்தது, ஞாயிறு மதியம் ஏற்றியது. நகல் எடுக்கவில்லையா என்று கேட்பீர்கள். எடுத்தேன். அதே வன்வட்டில், அதே மாதிரி பெரிய கோப்பாக வைத்திருந்தேன். அதுவும் போயிருந்தது. அந்தத் தப்பு என்னுடையது, வேறு யார் தலையிலும் கட்டமாட்டேன். மீட்டெடுக்கும் மென்பொருளைப் போட்டுப் பார்த்தேன். மதிப்பெண் இருந்த இடத்திலெல்லாம் மாப்பிள்ளை ஊர்வலம். பாதி ஆசிரியர்கள் தாளைக் கிழித்தும் போட்டிருந்தார்கள்.

மச்சினருக்குப் போன் போட்டேன். மனிதர் எதையும் மறைக்கவில்லை.

"எடம் பத்தலம்மா. அங்கன பெருசு பெருசா என்னமோ கெடந்துச்சு, தொறந்தா ஒண்ணும் வெளங்கல, குப்பைன்னு தூக்கிப் போட்டேன்."

ஒரு மணி நேரம்

புதன்கிழமை விசாரணை. பதிவேட்டில் கடைசிக் கையெழுத்து ஆரோக்கியம் அக்காவுடையது, சனிக்கிழமை மாலை மதிப்பெண் ஏற்ற வந்தபோது போட்டது. ஞாயிற்றுக்கிழமை வந்தவர்தான் கையெழுத்தே போடாதவர் ஆயிற்றே! முதல்வருக்கு அது போதுமாக இருந்தது.

எழுந்து பலகைக்குப் போனேன். வட்டத்துக்குள் வட்டமாக நான்கு வட்டம் போட்டேன். "இவங்க கணக்கால ஒரு மார்க்கைக்கூட அழிக்க முடியாது சார். உள்ளேயிருந்து யாராலயும் முடியாது, அடியிலிருந்துதான் முடியும். அடியில போறதுக்குக் கடவுச்சொல் கொடுத்தது நான். யாருக்குக் கொடுத்தேன்னு எழுதிக்கங்க" என்றேன். முதல்வர் பேனா மூடியைத் திறக்கவே இல்லை. நான் விடவில்லை. அக்காவுக்கு அந்த அதிகாரம் இல்லை என்பதை ஒரு மணி நேரம், பத்து விதமாக நிரூபித்தேன். தொண்டை கட்டிவிட்டது.

திரும்பிப் பார்த்தால் அக்கா மேசையோரம் குனிந்து கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். 'தவறுதலாக அழித்துவிட்டேன், மன்னிக்கவும்' என்று ஒரு கடிதம். கையெழுத்துப் போட்டால் நிரந்தர உத்தரவுக்கு ஒன்றும் ஆகாது என்று காலையிலேயே சொல்லியிருக்கிறார்கள். கல்லூரியில் டைப்பிஸ்ட் என்று இருந்தது அவர் ஒருவர்தான். அந்தக் கடிதத்தையும் அவரையே அடிக்க வைத்திருந்தார்கள். ஒரு எழுத்துப்பிழை இல்லை. முதல்வர் அதை எடுத்து என் பக்கம் நீட்டினார்.

"பாத்தியாம்மா, அவுகளே ஒத்துக்கிட்டாக. நடுவுல நீ எதுக்குக் கத்துற?"

பஸ் வரும் வரை

வெள்ளிக்கிழமை அக்காவுக்கு உத்தரவு வந்தது. திங்கள் முதல் வர வேண்டாம் என்று.

ராயப்பன்பட்டி பஸ்ஸுக்காக இருவரும் நின்றோம். அக்காவின் பையில் டிபன் பாக்ஸ், ஸ்கேல், மேசையிலிருந்து பிய்த்தெடுத்த மாதா படம். நான் மறுபடியும் ஆரம்பித்தேன். பல்கலைக்கழகத்துக்கு எழுதுவோம் அக்கா, அந்தக் கடிதம் செல்லாது, உங்களால் அழித்திருக்கவே முடியாது என்று எந்தச் சபையிலும் நிரூபிக்கிறேன் என்றேன். அவர் முகத்தில் கோபமே இல்லை. என்னைத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். பஸ் வந்து நின்றது. பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, படியில் ஒரு கால் வைத்துத் திரும்பினார்.

"அன்னைக்கும் ஒரு மணி நேரம் எனக்கு அதிகாரம் இல்ல, அதிகாரம் இல்லன்னே பேசுன தாயி, அவுகளும் அதத்தான சொன்னாக."

உள்ளே இருப்பவர் வெளியே வந்துவிடாமல் தடுக்க எங்கள் பாடப்புத்தகத்தில் ஓர் அத்தியாயமே இருக்கிறது. பெட்டியின் சொந்தக்காரரிடமிருந்து உள்ளே இருப்பவரைக் காப்பாற்ற ஒரு வரி இருக்கிறதா என்று அட்டை முதல் அட்டை வரை புரட்டிவிட்டேன், உங்கள் பதிப்பில் இருந்தால் சொல்லுங்கள்.