பொட்டி சரியில்ல, சார்!

போன சனிக்கிழமை ஒரு மனிதரின் குரலை ஸ்க்ரூ டிரைவரால் திருகினேன். ஒரு பக்கம் திருகினால் குரல் தடித்தது. மறுபக்கம் திருகினால் மெலிந்தது. குரலுக்குச் சொந்தக்காரர் எதிரிலேயே உட்கார்ந்துகொண்டு, ‘இன்னும் கொஞ்சம்... இன்னும் கொஞ்சம்’ என்று விரலால் சைகை காட்டிக்கொண்டிருந்தார்.

பயப்படாதீர்கள். நான் திருகியது ஒரு டேப் ரெக்கார்டரின் மோட்டாரை!

எல்லாம் இந்தப் பத்தியால் வந்த வினை. என் பழைய டேப் ரெக்கார்டரை டி.வி. ஸ்பீக்கரோடு இணைத்து வீட்டில் நல்ல பெயர் வாங்கியதைச் சில வாரங்களுக்கு முன் இங்கே பெருமையாக எழுதியிருந்தேன், நினைவிருக்கிறதா? அதைப் படித்துவிட்டு ஒரு பெண் போன் செய்தார். பெயர் செல்வி. மீஞ்சூரில் ஒரு கம்பெனியில் வேலை. சொந்த ஊர் பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு மீனவக் குப்பம்.

“சார், எங்க ஊர் கோயில் மைக்ல நாப்பது வருஷமா எங்க நைனாதான் பேசுவாரு. போன வருஷம் தொண்டைல ஆபரேஷன். இப்ப வெறும் காத்துதான் சார் வருது. ஆனா அவரு ஊட்ல பேசிப் புடிச்ச பழைய கேசட் ஒண்ணு கீது. அத புது ஆம்ப்ளிஃபயர்ல மாட்டித் தர முடியுமா?”

“செல்போன்ல பிடிச்சு புளூடூத்துல விட்டுடலாமேம்மா...” என்றேன், பெரிய மேதாவி மாதிரி.

“பாத்துட்டேன் சார். பொட்டி முன்னாடி போன வெச்சுப் புடிச்சேன். கெணத்துக்குள்ள இருந்து பேசற மாரி கீது. நடுவுல குக்கர் விசில் வேற! மூணாவது வாட்டி போட்டப்போ பொட்டியே நின்னுபோச்சு.”

அப்படி என்ன அவசரம்? சொன்னார்.

ஏரியில் எந்த இடத்தில் யார், எந்த நாள் வலை போடுவது என்று அவர்கள் முறை வைத்துப் பிரித்துக்கொள்கிறார்கள். அதற்குப் ‘பாடு’ என்று பெயர். பாடு பிரிக்கும் கூட்டத்துக்கு மைக்கில் ஊரைக் கூப்பிடுவதுதான் அவருடைய அப்பா தேசப்பனின் வேலை. கூட்டத்துக்கு வராதவர்களின் முறை தள்ளிப்போய்விடும். போன தடவை வாட்ஸ்அப்பில் செய்தி போட்டிருக்கிறார்கள். வலை தைத்துக்கொண்டிருந்தவர்கள் போனைப் பார்க்கவில்லை. பெரிய சண்டை.

ஊர்த் தலைவர் முடிவாகச் சொல்லிவிட்டாராம். சனிக்கிழமை கூட்டத்துக்கு கேசட்டைப் போட்டுப் பார்க்கலாம். ஜனம் வந்தால் தேசப்பனே தொடரட்டும். வராவிட்டால் வேறு ஆள்.

“ஏரிக்குப் போகக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு சார். அவருக்குன்னு இருக்கறது அந்த மைக் ஒண்ணுதான். அதுவும் போயிட்டா ஊட்டுக்குள்ளயே முடங்கிடுவாரு” என்றார் செல்வி. எனக்கு மனசு கேட்கவில்லை. வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

பொன்னேரியில் பஸ் பிடித்தேன். திருப்பாலைவனம் தாண்டியதும் காற்றில் உப்பு வாசனை வந்துவிட்டது. பழவேற்காட்டில் செல்வி ஸ்கூட்டியோடு நின்றிருந்தார்.

வீட்டில் தேசப்பன் வெள்ளைச் சட்டை போட்டுத் தயாராக இருந்தார். அறுபதைத் தாண்டிய, ஒல்லியான மனிதர். மனைவி கஸ்தூரி மீன் விற்க மார்க்கெட்டுக்குப் போயிருந்தார். மூன்று மணிக்குத்தான் வருவாராம். அந்த அம்மாள் வீட்டில் இல்லாததுதான் பின்னால் நடந்த கூத்துக்கெல்லாம் காரணம்.

டேப் ரெக்கார்டரை வேட்டித் துணியில் சுற்றி வைத்திருந்தார். செங்கல் கனம். வரிசையாக ஐந்து பட்டன், ஒரு கைப்பிடி. கல்யாணமான புதிதில் பர்மா பஜாரில் வாங்கியதாம். திறந்தேன். உள்ளே ரப்பர் பெல்ட் தார் மாதிரி உருகி ஒட்டியிருந்தது. துடைத்துவிட்டு, நான் கொண்டுபோன பெல்ட்டுகளில் ஒன்றை மாட்டினேன். பட்டனை அழுத்தினேன்.

“யாருப்பா ஊர்ல... எல்லாரும் கேளுங்கோ! வலைல கீறவங்க வலைய வெச்சுட்டு வாங்க! ஒலைல கீறவங்க ஒலைய எறக்கிட்டு வாங்க! கோயிலாண்ட ஊர்க்கூட்டம்!”

மெல்லிய குரல். கொஞ்சம் மூக்கால் பேசுகிற, வேகமான குரல். எனக்கு சந்தோஷம் தாங்கவில்லை. வேலை செய்கிறதே!

தேசப்பன் முகம் சுருங்கிவிட்டது. என் காதருகே குனிந்து, காற்றாகச் சொன்னார்.

“இது நானில்ல சார். பொட்டி சரியில்ல.”

இருக்கலாம்தான். பழைய மோட்டார்கள் வயதாக ஆக வேகம் மாறும். அதைச் சரிசெய்ய மோட்டாரின் முதுகில் ஒரு சின்னத் துளையும் உள்ளே ஒரு ஸ்க்ரூவும் உண்டு. “உங்க குரல் எப்படி இருக்கும்?” என்று கேட்டேன். அவர் இரண்டு கைகளையும் மார்புக்கு முன்னால் அகலமாக விரித்துக் காட்டினார். அவ்வளவு பெரியதாம்.

திருகினேன். டேப் மெதுவாக ஓட ஓட, குரல் தடித்தது. இன்னும் கொஞ்சம்... இன்னும் கொஞ்சம்... கடைசியில் அரண்மனை வாசலில் நின்று ராஜாவின் வருகையை அறிவிக்கிறவர் மாதிரி ஒரு கம்பீரக் குரல் வந்தது. தேசப்பன் சிரித்துவிட்டார். இரண்டு கட்டை விரல்களையும் உயர்த்தினார்.

செல்விக்கு சந்தேகம். என்னைத் தனியே அழைத்துப்போய், “கொஞ்சம் ஓவரா கீதே சார்...” என்றவர், அப்பாவைத் திரும்பிப் பார்த்துவிட்டு, “ஆபரேஷனுக்கு அப்புறம் இப்பதான் சார் சிரிக்கிறாரு. வுட்டுடுங்க” என்றார். விட்டுவிட்டேன். சிரிக்கிற மனிதரிடம் போய் யார் தகராறு செய்வது?

கோயில் மைக் அறையில் புத்தம்புது ஆம்ப்ளிஃபயர். யு.எஸ்.பி., புளூடூத், கலர் கலராக விளக்கு. டேப் ரெக்கார்டரில் இயர்போன் மாட்டுகிற துளையிலிருந்து ஒரு வயர் கொடுத்து, அதன் மறுமுனையை மைக் துளையில் செருகினேன்.

கூரை மேல் இருந்த கூம்பு ஸ்பீக்கர் இரண்டும் அலறிய அலறலில் காக்கைகள் மொத்தமாகக் கிளம்பிவிட்டன! மைக் துளை என்பது பலவீனமான சத்தத்தைத் தூக்கிவிடுவதற்கு. டேப் ரெக்கார்டரோ ஏற்கெனவே கத்துகிறது. கத்துகிறவர் கையில் மைக்கைக் கொடுத்தால் என்ன ஆகும்? வயரைப் பிடுங்கி ‘ஆக்ஸ்’ என்று எழுதியிருந்த துளையில் செருகினேன். அலறல் நின்றது. ஆனால் ‘ம்ம்ம்ம்’ என்று ஒரு முனகல். அது கரன்ட் அடாப்டரின் கைங்கரியம். அதைக் கழற்றிவிட்டு, கடையில் நான்கு பெரிய பேட்டரி வாங்கிப் போட்டோம். நிசப்தம்.

மணி மூன்று. தேசப்பன் தன் கையாலேயே பட்டனை அழுத்தினார். கம்பீரக் குரல் ஏரி வரைக்கும் போயிற்று. அவர் நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். அறிவிப்பு முடிந்தது. நான் நிறுத்தப்போவதற்குள், டேப்பிலிருந்து வேறு ஒரு தடித்த ஆண் குரல் ஊர் முழுக்க ஒலித்தது.

“இன்னாய்யா, அங்க இன்னா கூவினு கீற? கொயம்பு ஆறுது, வா!”

அவசரமாக அணைத்தேன். யார் அது? செல்விக்கும் தெரியவில்லை. தேசப்பனும் விழித்தார்.

காத்திருந்தோம். பத்து நிமிடம். இருபது நிமிடம். ஓர் ஆடு மட்டும் எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. தேசப்பன் எழுந்து வாசலில் நின்று தெருவைப் பார்த்தார். திரும்பி வந்து உட்கார்ந்தபோது நெஞ்சு நிமிரவில்லை. எனக்கு சங்கடமாகிவிட்டது. ஒரு மனிதரைக் குஷிப்படுத்துவதற்காக அவருடைய வேலைக்கே உலை வைத்துவிட்டோமோ?

அப்போது காலி மீன் கூடையோடு கஸ்தூரியம்மாள் வந்தார்.

“இன்னாய்யா நடக்குது இங்க? ஏதோ கட்சிக்காரங்க மைக்குனு நெனச்சினு அவங்கவங்க வலைய தச்சினு கீறாங்க! அது சரி, யாரு அந்த ஆம்பள, உன்ன கொயம்பு ஆறுதுன்னு கூப்புடறவன்?”

அவர் டேப் ரெக்கார்டரைப் பார்த்தார். தேசப்பனைப் பார்த்தார். பிறகு கூடையைக் கீழே வைத்தார்.

“நம்ம ஊட்டுப் பொட்டியா? அன்னிக்குக் கொயம்பு ஆறுதுன்னு கத்தினது... அடப்பாவிங்களா, அது நானு!”

செல்வி வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடிவிட்டார்.

தேசப்பன் மட்டும் சிரிக்கவில்லை. என் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரை வாங்கிக்கொண்டார். “அவ கொரல் எனக்குத் தெரியும் சார்” என்று காற்றாகச் சொல்லிவிட்டு, குழம்பு ஆறுகிற அந்த ஒரு வரியைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டார். எதிரில் நிற்கும் மனைவியை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஸ்க்ரூவை மயிரிழை மயிரிழையாகத் திருகினார். முரட்டு ஆண் குரல் இளைத்து, இளைத்து, ஓர் இளம்பெண்ணின் கூர்மையான அதட்டலாக மாறியது.

அவர் கை நின்றது. “இதான்... இதான் இவ.”

கஸ்தூரியம்மாள் முகத்தைச் சுளித்தார். “நானா இப்டிக் கத்துவேன்? போய்யா!” என்றவர் என் பக்கம் திரும்பி, “பொட்டி சரியில்ல, சார்!” என்றார்.

நம் குரலை நாம் தலைக்குள்ளிருந்து கேட்கிறோம். அது எப்போதும் கொஞ்சம் கனமாக, கொஞ்சம் அழகாகத்தான் கேட்கும். ஊருக்குக் கேட்பது வேறு. நமக்குத் தெரியாத அந்த நிஜக் குரலை ஞாபகத்தில் வைத்திருப்பவர்கள் கூடக் குடியிருப்பவர்கள்தான். முப்பது வருடத்துக்கு முந்தைய அதட்டலை ஒருவர் மயிரிழை பிசகாமல் வைத்திருக்கிறார் என்றால், அதை என்னவென்று சொல்வது? எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

தேசப்பன் டேப்பை முதலுக்கு ஓட்டினார். அதே மெல்லிய, மூக்கால் பேசுகிற, அவசரக் குரல். இந்தத் தடவை அவர் ஸ்க்ரூவைத் தொடவில்லை. கூம்பு ஸ்பீக்கரில் விட்டோம். அவசரத்தில் நிறுத்த மறந்து குழம்பு ஆறுகிற வரியும் போய்விட்டது. வலை தைக்கிற இடத்திலிருந்து பெரிய சிரிப்புச் சத்தம் கேட்டது. பின்னாலேயே கஸ்தூரியம்மாள் மைக்கைப் பிடித்து, “நாலு மணிக்குப் பாடு பிரிக்கறாங்க, வராதவங்க அப்புறம் எங்கிட்ட வந்து நிக்காதீங்க!” என்று முடித்தார்.

வந்தார்கள். லுங்கியை மடித்துக் கட்டியபடி, ஈரக் கையைத் துடைத்தபடி, தைத்துக்கொண்டிருந்த நூலோடு. முதலில் வந்த பெரியவர் மைக் அறைக்குள் தலையை நீட்டினார்.

“இன்னா தேசப்பா, கொரல் வந்துடுச்சா?”

தேசப்பன் பதில் சொல்ல வாயைத் திறந்து, மூடிக்கொண்டார். தலையை மட்டும் ஆட்டினார். கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான்.

ஊர்த் தலைவர் வந்து கூட்டத்தைப் பார்த்தார். மைக் அறைச் சாவியை தேசப்பனின் சட்டைப் பையில் போட்டுவிட்டு மரத்தடிக்குப் போனார்.

நான் அந்த அறிவிப்பை வயர் வழியாகவே செல்வியின் போனிலும் பதிவு செய்து கொடுத்தேன். குக்கர் விசில் இல்லாமல்! கிளம்பும்போது தேசப்பன் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நாப்பது வருஷமா நான் இப்டியா சார் பேசினேன்? ஒருத்தங்ககூட சொல்லலியே?”

கஸ்தூரியம்மாள் கூடையை எடுத்து இடுப்பில் வைத்தார். “சொல்லியிருந்தா பேசறத நிறுத்தியிருப்பியே!”

திரும்பும் பஸ்ஸில் இடம் கிடைத்தது. என் போனில் ரொம்ப நாளாக ஒரு ரேடியோ பேட்டி கிடக்கிறது. என்னுடையதுதான். மைக் சரியில்லை என்று முதல் நிமிடத்திலேயே நிறுத்தி வைத்திருந்தேன். ‘நல்லாத்தானே இருக்கு, அப்படியே உங்க குரல்’ என்று என் மனைவி சொன்னதை நம்பவில்லை. இயர்போனை மாட்டிக்கொண்டேன். பொன்னேரி வரைக்கும் முழுசாகக் கேட்டேன்.

மைக்கில் ஒரு கோளாறும் இல்லை.