பொத்தாமல் விட்ட கிழியல்

போன வெள்ளிக்கிழமை காலை, கல்முனைக்குடிக் கடற்கரையில் என் நண்பன் ஜெயசீலன் களிசானை முழங்கால்வரை மடித்துவிட்டுக்கொண்டு நின்றான்.

மீன் வாங்க வரவில்லை. கிழிந்த வலையைப் பொத்துவதைப் பார்க்க வந்திருந்தான்!

ஜெயசீலனும் நானும் ஒரே வங்கியில் வேலை பார்த்து, ஒரே வருடத்தில் பென்சன் எடுத்தவர்கள். பென்சன் எடுத்தபிறகு நான் இந்தப் பத்தியில் உங்களிடம் வாராவாரம் கதைக்கத் தொடங்கினேன். அவன் தன் தேவாலயத்தில் பிரசங்கம் செய்யத் தொடங்கினான். என் கதை பிடிக்காவிட்டால் நீங்கள் பக்கத்தைப் புரட்டிவிடலாம். அவனுக்கு முன்னால் இருப்பவர்கள் பாவம், எழும்பி ஓடவும் முடியாது.

இப்போது அவனுக்குக் கிரேக்கப் பைத்தியம். பைபிளின் புதிய ஏற்பாட்டுக்கு மூலம் கிரேக்கம் அல்லவா... சூமில் படிக்கிறான். காலை நடையில் தினமும் எனக்கு ஒரு சொல் கிடைக்கும். அன்றைய சொல் ‘கடார்டிஸோ’.

“மீன்பிடிகாரர் வலையப் பொத்துறதுக்கும் இந்தச் சொல்தான் மச்சான். அந்தக் காலத்து வைத்தியர் விலகின எலும்பை இடத்துல வெச்சுக் கட்டுறதுக்கும் இதுதான்.”

“சரி. அதுக்கு நான் என்ன செய்ய?”

“கேளு. ஒருத்தன் பிழை செஞ்சு பிடிபட்டா அவன என்ன செய்யோணும் எண்டு ஒரு இடத்துல வருது. அங்கயும் இதே சொல். அவன வெட்டி எறியச் சொல்லல்ல, மெதுவாப் பொத்தி எடுக்கச் சொல்லுது. ஞாயித்துக்கிழமை இதத்தான் கதைக்கப் போறன். ஆனா நான் வாழ்க்கையில வலை பொத்தினதப் பாத்ததே இல்லடா!”

நல்ல அர்த்தம்தான். ஆனால் எனக்குள் ஒரு எரிச்சல் கிளம்பியது. ஏனென்றால் பிழை செய்து பிடிபட்ட ஒருவன் எங்கள் குடும்பத்திலேயே இருந்தான். ஊரில் யாரும் அவனை மெதுவாகவும் தொடவில்லை, வேகமாகவும் தொடவில்லை.

அவன் றிபாஸ். என் தங்கச்சியின் மகன். மச்சான் மஜீதின் கரைவலைத் தோணியில் வேலை. மஜீத்தான் தோணிக்கும் வலைக்கும் முதலாளி.

எங்கள் கடலுக்கு வெள்ளிக்கிழமை லீவு. நாள் முழுக்கத் தொழில் கூடாது என்று மார்க்கத்தில் இல்லை. அது கரையின் கட்டுப்பாடு. அன்றைக்குத் தோணி மணலில் கிடக்கும், ஆட்கள் வட்டமாக உட்கார்ந்து வலை பொத்துவார்கள், மதிய ஜும்ஆத் தொழுகைக்குப் பாங்கு சொன்னதும் எழும்பிப் பள்ளிவாசலுக்குப் போவார்கள்.

இரண்டு மாதத்துக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை, சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு கரைக்குக் கிட்டச் சூடை மீன் கூட்டமாகக் கறுத்துக்கொண்டு நின்றதை றிபாஸ் கண்டிருக்கிறான். பெண்சாதிக்கு ஏழு மாதம். வலையின் மடி நிறைய மீன் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? வெளியூர்ப் பொடியன்மாரைச் சேர்த்துக்கொண்டு, மஜீதிடம் கேட்காமல் தோணியைத் தள்ளிவிட்டான். ஜும்ஆவுக்கு முன் கரையேறிவிடலாம் என்பது அவனுடைய நினைப்பு.

கடலரிப்புக்குக் கொட்டிய பாறாங்கல்லில் வலை மாட்டியது. இழுக்க இழுக்கக் கிழிந்தது. ஊரே வெள்ளை உடுப்போடு பள்ளிக்கு நடக்கிற நேரம், இவன் இடுப்பளவு தண்ணீரில் நின்று கிழிந்த வலையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். பார்க்காதவர் யார்?

அதன்பிறகு அவன் கடற்கரைப் பக்கமே வரவில்லை. தேநீர்க் கடையில் அவனுக்குப் புதுப்பெயர் – ‘வெள்ளிக்கிழமை முதலாளி’. பாஸ்போர்ட் எடுத்துவிட்டான். சவூதிக்கு டிரைவர் வேலைக்குப் போகப்போகிறானாம்.

“காக்கா, புள்ள பொறக்கிற நேரத்துல வெக்கத்துக்குப் பயந்து ஓடப் பாக்கிறான்” என்று தங்கச்சி என் வீட்டுக்கு வந்து அழுதாள். “மஜீத் மச்சானோட ஒருக்காக் கதைங்க. திரும்ப வேலைக்கு எடுக்கச் சொல்லுங்க.”

இதுதான் உண்மை. ஜெயசீலனுக்கு வலை காட்டப் போனேன் என்பது சாட்டு. தனியாகப் போய்க் கதைக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

மஜீத் எங்களைக் கண்டதும் இடம் ஒதுக்கித் தந்தார். ஜெயசீலன் மணலில் சம்மணமிட்டு உட்கார்ந்து, நைலோன் நூல் ஏற்றிய வலை ஊசி ஓடுவதையே வாய் பிளந்து பார்த்தான். பொத்துவதற்கு முன்னால் பிசிறுகளை வெட்டினார்கள். ஓட்டை இன்னும் பெரிதானது. “ஐயோ, வெட்டுறீங்களே!” என்று அவன் பதற, எல்லோரும் சிரித்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் அவன் கண் வேறு பக்கம் போனது. வலையின் ஒரு துண்டு மட்டும் தனியாக மடித்துக் கட்டிக் கிடந்தது. உள்ளே ஆளே நுழையலாம் போல ஒரு கிழியல்.

“இது பெருசாக் கிடக்கே... இத ஏன் ஒருத்தரும் தொடல்ல?”

எனக்கு விளங்கிவிட்டது.

“அது றிபாஸ்ட கிழியல்” என்றார் மஜீத். “கிழிச்சவன்தான் பொத்தோணும். எங்கட வழக்கம்.”

எனக்கு வந்ததே கோபம்! சமாதானம் பேசப் போனவன் என்பதே மறந்துபோயிற்று.

“ரெண்டு மாசமா அவன்ட மானத்தக் கட்டிவெச்சு ஊருக்குக் காட்டுறீங்களா மச்சான்? ஒரு புள்ள நாட்ட உட்டே போகப் பாக்கிறான்!”

மஜீத் ஊசியைக் கீழே வைத்தார்.

“என்ன கத கதைக்கிறீங்க? இந்தத் துண்ட மடக்கிட்டு, குறை வலையத்தான் ரெண்டு மாசமா இழுக்கிறம். பாதி மீன் பக்கத்தால போகுது. எங்களுக்குப் பொத்தத் தெரியாமலா? நாங்க பொத்திட்டா அவனுக்கு இவடத்த வார வேல என்ன இரிக்கி?”

நான் அந்தக் கிழியலை இன்னொருமுறை பார்த்தேன்.

“இத அவன்ட்ட சொன்னீங்களா?” என்று ஜெயசீலன்தான் கேட்டான்.

“நான் ஏன் சொல்லோணும்? வழக்கம் தெரிஞ்சவன்தானே. தானா வரட்டும்.”

அட ரப்பே! ஒருவர் கதவைத் திறந்து வைத்துவிட்டு, வரவில்லையே என்று உள்ளே கோபத்தில் இருக்கிறார். மற்றவன், கதவைத் திறந்து வைத்தது தன்னை அடிக்கத்தான் என்று வெளியே நடுங்குகிறான். இரண்டு மாதம்!

றிபாஸுக்கு போன் எடுத்தேன்.

“மகன், ஒண்ட கிழியல் இன்னும் இங்க கிடக்கு.”

“தெரியும் மாமா. எல்லாரும் சொன்னாங்க. வாறவன் போறவனுக்கெல்லாம் காட்டுறாங்களாம்...”

இதற்குமேல் நான் என்ன சொன்னாலும் எடுபடாது என்று தெரிந்தது. போனை மஜீதின் கையில் திணித்தேன். மனிதர் அதைப் பாம்பைப் பிடித்ததுபோலப் பிடித்துக்கொண்டு கடலைப் பார்த்தார். நான் மனதுக்குள் துஆ கேட்டுக்கொண்டிருந்தேன். திட்டிவிட்டால் எல்லாம் முடிந்தது.

“மகன்...” தொண்டையைச் செருமினார். “ஊசிய எடுத்துட்டு வா. ஜும்ஆக்கு நேரம் போகுது.”

அவ்வளவுதான். போனைத் திருப்பித் தந்துவிட்டார்.

வருவானா? எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் வந்தான். மோட்டார் சைக்கிளைத் தூரத்தில் நிறுத்திவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு நடந்து வந்தான். வட்டத்தில் இருந்த ஒருவர் அரக்கி இடம் விட்டார். மஜீத் கட்டை அவிழ்த்து அந்தத் துண்டை அவன் மடியில் போட்டார். ஸலாம் மட்டும் சொல்லிக்கொண்டார்கள்.

ஊசி இரண்டுமுறை அவன் கையை விட்டு மணலில் விழுந்தது. பிறகு கை பழகிவிட்டது.

“என்ன வெள்ளிக்கிழமை முதலாளி, இண்டைக்குக் கடலுக்குப் போகல்லையா?” என்று பக்கத்தில் இருந்தவர் கேட்டார்.

றிபாஸ் நிமிர்ந்து பார்த்தான்... சிரித்துவிட்டான். எல்லோரும் சிரித்தார்கள். ஜெயசீலன் கண்ணைத் துடைத்தான். மணல் விழுந்துவிட்டதாம்.

பாங்கு சொல்லும்போது பாதிகூட முடியவில்லை. மஜீதுக்கு அவசரமில்லை. “மிச்சத்த அடுத்த வெள்ளிக்கிப் பாப்பம்” என்றார். எல்லோரும் எழும்பிப் பள்ளிக்கு நடந்தார்கள். றிபாஸும்தான். ஜெயசீலன் வலைக்குக் காவல் இருந்தான்.

பாஸ்போர்ட் இன்னும் தங்கச்சி வீட்டு அலுமாரியில்தான் இருக்கிறது. அவன் போனாலும் போவான். போனால் உழைக்கப் போகிறவனாகப் போகட்டும். ஒளிக்கப் போகிறவனாக வேண்டாம். எனக்கு அது போதும்.

ஞாயிறு பின்னேரம் ஜெயசீலனுக்கு போன் எடுத்துப் பிரசங்கத்தை விசாரித்தேன்.

“கெதியா முடிச்சிட்டன். கிரேக்கமே கதைக்கல்ல. மஜீத் சொன்னதச் சொன்னன். மச்சான்... ஆராதனை முடிஞ்ச கையோட மூணு பேர் வெளிய போய் ஆருக்கோ போன் எடுத்தாங்கடா.”

உங்கள் வீட்டிலும் யாருக்காகவோ ஒரு கிழியலைப் பொத்தாமல் வைத்திருப்பீர்கள். நல்லது, வைத்திருங்கள்...

அதை அவருக்குச் சொல்லியாயிற்றா?