கையுறையும் வெறுங்காலும்

எண்பதுகளின் நடுவில், என் கணவர் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் ஓர் உணவகத்துக் குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த காலத்தில், எனக்கு ஓர் அருங்காட்சியகத்தில் வேலை கிடைத்தது. அருங்காட்சியகம் என்றவுடன் பளிங்குத் தூண்களை நினைக்கவேண்டாம். ட்ராம் திரும்பும் முடக்கில் ஒரு பழைய தொழிற்சாலைக் கட்டடம், அதில் இரண்டு மாடிகள். உலகப் போர் முடிந்த பிறகு இந்த ஊர்ச் சனங்கள் எப்படிச் சீவித்தார்கள் என்று காட்டுகிற இடம். வாரநாட்களில் கூட்டித் துடைப்பேன். சனிக்கிழமைகளில் வாசலில் நின்று வருகிறவர்களின் குளிரங்கிகளை வாங்கிக் கொளுவுவேன்.

என் கணவருக்கு அது தீராத பகிடி.

"உந்தச் சனம் சண்டையே பிடிக்கேல்லை. பிறகு என்னத்துக்குச் சண்டைக்குப் பிந்தின மியூசியம்?"

"கூப்பன் வைச்சுத்தானே பாணும் பட்டரும் வாங்கியிருக்கினம்," என்பேன். சம்பளம் தருகிற இடத்தை விட்டுக்கொடுக்க முடியுமா?

"சரி, எங்கட சண்டையும் முடியட்டும். நாங்களும் ஒண்டு திறப்பம். நீர்தான் அதுக்கு மனேச்சர்."

அங்கே அடிக்கடி ஒரு பெண் வருவார். நாற்பது வயதிருக்கும். பிறவியிலேயே பார்வை இல்லாதவர், ஓர் ஆஸ்பத்திரியில் தொலைபேசி இணைப்புக் கொடுக்கிற வேலை. வெள்ளைப் பிரம்பை என் மேசையில் சாய்த்துவிட்டு நேரே இயக்குநரின் அறைக்குப் போவார். அவருக்கு ஓர் ஆசை இருந்தது. கண் தெரியாதவர்களைக் கூட்டிக்கொண்டு இந்த இடத்தைத் தானே சுற்றிக்காட்டவேண்டும், அவர்கள் பொருட்களைத் தொட்டுப் பார்க்கவேண்டும். "சின்னனிலை பள்ளிக்கூடத்தால எத்தினையோ மியூசியத்துக்குக் கூட்டிக்கொண்டு போனவை. எனக்குத் தெரிஞ்சதெல்லாம் கண்ணாடிப் பெட்டியின்ரை குளிர்தான்," என்று ஒருநாள் என்னிடம் சொன்னார். அவர் கதைத்தது பாசல் ஜெர்மன்தான். ஆனால் என் நினைவில் அவர்கள் எல்லோரும் நல்ல யாழ்ப்பாணத் தமிழில்தான் கதைக்கிறார்கள், நான் என்ன செய்ய.

இயக்குநர் கெட்டவர் அல்ல, பயந்தவர். பழம்பொருட்களுக்கு ஏதாவது நடந்துவிடும் என்று எந்நேரமும் பதறுகிறவர். கடைசியில் பாம்பும் சாகாமல் தடியும் முறியாமல் ஒரு வழி கண்டுபிடித்தார். ஒரேயொரு முறை பரீட்சார்த்தமாக நடத்தலாம். சரிவராவிட்டால் அந்தப் பேச்சை இனி எடுக்கக்கூடாது. வருகிற எல்லோரும் வெள்ளைப் பருத்திக் கையுறை போட்டுக்கொண்டுதான் தொடவேண்டும். யாராவது கையுறையைக் கழற்றினால் அந்த இடத்திலேயே எல்லாம் முடிந்தது. கவனித்துக்கொள்ளக் கூடவே போகிற ஆள் நான்.

அந்தச் சனிக்கிழமை ஏழெட்டுப் பேர் வந்தார்கள். எல்லோரும் வெளுத்த கையுறையோடு, கல்யாணவீட்டில் பரிமாறக் காத்து நிற்பவர்களைப் போல வரிசையில் நின்றார்கள். அந்தப் பெண் முன்னால் போனார். நாளெல்லாம் தொலைபேசியில் பேசிப் பழகிய அருமையான குரல். முதலில் ஒரு பழைய வானொலி.

பருமனான ஒரு மனிதர், முன்பு வெதுப்பகம் வைத்துப் பாண் சுட்டு விற்றவர், அதைத் தடவினார். "ஒரு பெட்டி," என்றார்.

அடுத்தது எனாமல் பூச்சுப் போட்ட பாண் பெட்டி. "இன்னொரு பெட்டி."

அடுத்தது அந்தக் காலத்துக் குளிர்சாதனப் பெட்டி. அவர் மேலும் கீழும் தடவி, நேரமெடுத்து யோசித்தார். "பெரிய பெட்டி."

எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. குரல் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போனது. பருத்தித் துணிக்கு உள்ளேயிருக்கும் விரலுக்கு என்ன தெரியும்? ஒரு கிழவி கொட்டாவி விட்டார். ஆசைப்பட்ட மனுசிக்குக் கிடைத்த ஒரே நாள் இப்படிப் பெட்டி பெட்டியாகப் போய்க்கொண்டிருந்தது. எனக்கு இயக்குநர் மேலே கோபம் கோபமாக வந்தது.

கடைசியாக நாங்கள் வந்தது காட்சிக்கு வைத்திருந்த ஒரு வீட்டுக்கு. இடிக்கப்போன ஒரு தொழிலாளர் குடியிருப்பிலிருந்து குசினியையும் அறையையும் தரையோடு பெயர்த்துக்கொண்டு வந்து அப்படியே பொருத்தி வைத்திருந்தார்கள். துடைக்கப்போகும்போது நான் எப்போதும் அதன் வாசற்படியில் சப்பாத்தைக் கழற்றிவிடுவேன். யாரும் சொல்லித் தந்ததில்லை. அடுப்பும் கட்டிலும் இருக்கிற இடத்துக்குள் சப்பாத்துக் காலோடு போனால் எனக்கு உடம்பு கூசும்.

என் வீட்டுக்கு வருகிற சுவிஸ்காரர் ஒவ்வொருவருக்கும் வாசலிலேயே நான் சொல்கிற வசனம் ஒன்று உண்டு. ஜெர்மனில் தடக்காமல் எனக்கு வருவதும் அதுதான். அது தன்பாட்டில் வாயிலிருந்து வந்துவிட்டது.

"சப்பாத்தைக் கழட்டிப்போட்டு வாங்கோ."

அவர்கள் கழற்றிவிட்டார்கள். இதுவும் ஒரு விதி என்றே நினைத்திருப்பார்கள். குனிந்து, ஒருவர் தோளை ஒருவர் பிடித்து, நூலை அவிழ்த்து, சிலர் காலுறையையும் உருவிவிட்டு உள்ளே கால் வைத்தார்கள்.

முதலில் வெதுப்பகக்காரர், "ஆ, லினோலியம் தரை," என்றார். "இஞ்சை மரம் தொடங்குது," என்றார் இன்னொருவர். ஒருவர் கம்பளத்தின் குஞ்சங்களைக் கால்விரலால் பின்னிக்கொண்டு நின்றார். கொட்டாவி விட்ட கிழவி அடுப்படியில் தணல் விழுந்து பொரிந்த இடத்தைக் குதிக்காலால் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தார். கைகளை மட்டும் எல்லோரும் கவனமாக மேலே தூக்கிப் பிடித்திருந்தார்கள்.

"இதுக்குள்ள ஒரு பள்ளம் கிடக்கு," என்றார் வெதுப்பகக்காரர். பாத்திரம் கழுவும் தொட்டிக்கு முன்னால் நின்றிருந்தார். "ரெண்டு பள்ளம். வலதுதான் ஆழம். வலக்கால்லை பாரம் போட்டு நிண்டு கழுவியிருக்கிறா."

"பாதம் சின்னன்," என்றார் அந்தப் பெண், பக்கத்தில் வந்து தன் காலை வைத்துப் பார்த்து. "கட்டையான மனுசி."

நாள் தவறாமல் அந்த இடத்தைத் துடைத்தவள் நான். பள்ளம் ஒன்று இருந்ததே எனக்குத் தெரியாது. நானும் தள்ளுமுள்ளுப்பட்டு என் காலை வைத்தேன். அளவாக இருந்தது.

அப்போதுதான் கிழவியின் கால் தையல் மெசினின் மிதிபலகையைக் கண்டுபிடித்தது. கதிரையை இழுத்து உட்கார்ந்தார். கையுறை போட்ட இரண்டு கையையும் தலைக்கு மேலே உயர்த்திக்கொண்டு, "நான் கையால தொடேல்லை," என்று அறிவித்துவிட்டு மிதித்தார். மெசின் கடகடவென்று ஓடியது. எத்தனை வருடம் பேசாமல் கிடந்ததோ, கட்டடமே அதிர்ந்தது. எல்லோரும் சிரித்தோம். வயிறு நோகச் சிரித்தோம். அந்தப் பெண் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

டக், டக், டக் என்று தலைவாசலில் இருந்து குதிச் சத்தம். இயக்குநர் வந்தே விட்டார். மெசின் நின்றது. அந்தப் பெண்ணின் சிரிப்பும் நின்றது.

"ஆர் வீட்டுக்குள்ள சப்பாத்தோட?" என்றார் வெதுப்பகக்காரர் கண்டிப்பாக.

"நான்தான் இயக்குநர்."

"அப்ப கழட்டுங்கோ."

அவர் என்னைப் பார்த்தார். நான் மேலே முகட்டைப் பார்த்தேன். கழற்றினார். வலது காலுறையில் ஒரு பெரிய ஓட்டை, பெருவிரல் முழுதாக வெளியே எட்டிப்பார்த்தது. அந்தக் கூட்டத்தில் அதைப் பார்க்கக்கூடிய ஒரே ஆள் நான். அவருக்கும் அது தெரிந்தது. காது சிவந்துபோனார்.

"உதை ஆர் சொன்னது?"

"நான்," என்றேன். "எங்கட ஆக்கள் வீட்டுக்குள்ள சப்பாத்தோட போறேல்லை."

"இது வீடில்லை. காட்சிப்பொருள்."

"அப்ப நீங்கள் ஏன் கழட்டினனீங்கள்?" என்று கேட்டார் அந்தப் பெண்.

வெதுப்பகக்காரர் இயக்குநரின் முழங்கையைப் பிடித்து, புதுமாப்பிள்ளையை மணவறைக்குக் கூட்டிப்போவதுபோல, தொட்டிக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். அவர் அந்தப் பள்ளத்துக்குள் நின்றார். விரலை மடக்கிப் பார்த்தார். விரித்துப் பார்த்தார். மற்றக் காலை மாற்றி வைத்தார்.

"அடுத்த முறைக்கு முதல்," என்றார் கடைசியில், "மெசினுக்கு எண்ணெய் விடவேணும்." சப்பாத்தைக் கையில் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

அந்தப் பெண் என் கையை இறுக்கிப் பிடித்தார். "அடுத்த முறை எண்டோ சொன்னவர்?"

"ஓம். அடுத்த முறை எண்டுதான் சொன்னவர்."

போகும்போது குளிரங்கியை நான் பிடிக்க, அவர் கையை நுழைத்தபடி என் பக்கம் சாய்ந்தார். "அவரின்ரை காலுறையிலை ஓட்டையோ?"

நான் திகைத்துப்போனேன். "உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"எல்லாம் வழுக்கிக்கொண்டு போச்சுது. ஒரு விரல் மட்டும் லினோலியத்திலை ஒட்டி ஒட்டிக் கழண்ட சத்தம் கேட்டுது."

குளிரங்கிகளுக்கு நடுவில் குந்தியிருந்து விழுந்து விழுந்து சிரித்தேன். அவர் என் தலைக்கு மேலே நின்று சிரித்தார்.

அடுத்த முறை இரண்டு மடங்கு ஆட்கள் வந்தார்கள். கையுறைப் பெட்டியை எடுத்து வரவேண்டுமா என்று கேட்டேன். இயக்குநர் கேட்காததுபோல நின்றார். வீட்டு வாசலில் யாரும் சொல்லாமலே குனிந்து முதல் ஆளாகச் சப்பாத்தைக் கழற்றி, உள்ளே நடந்தார். அந்தப் பெண் தலையைச் சரித்து அந்த நடையைக் கடைசிவரை கேட்டார். பிறகு என் காதுக்குள் சொன்னார்:

"புதுசு."