பேய்ப் படமும் பக்கக் கதவும்

1. முதல் மெட்னி

படம் தொடங்கி அரை மணித்தியாலம் ஆகியிருக்கும். திரையில் அலமாரிக்குள் இருந்து பேய் பாய்ந்தது. புதிதாகப் பொருத்திய எட்டு ஸ்பீக்கர்களும் ஒரே நேரத்தில் வெடித்த மாதிரி ஒரு சத்தம் போட்டன. கீழே இருந்த முந்நூறு பேரும் எழும்பி வாசலுக்கு ஓடினார்கள். யாருமே கத்தவில்லை. கொழும்பில் குண்டு வெடித்துக்கொண்டிருந்த வருடங்கள் அவை. அந்த மாதிரிச் சத்தத்துக்கு, வாய் திறக்கும் முன்னே கால் ஓடிப் பழகியிருந்தது.

நான் கொட்டாஞ்சேனையில் அந்தத் தியேட்டரின் டோர் கீப்பர். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டு, பதினேழு வயதில் சேர்ந்தவன். டிக்கட் கிழிப்பது, டோர்ச் அடித்து ஆட்களை இருத்துவது என்றிருந்த வேலையோடு, சண்டைக் காலத்தில் பை பார்ப்பதும் சேர்ந்துகொண்டது. நாள் முழுக்க அடுத்தவர்களின் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனால் சோறு இறங்காது.

தியேட்டரில் முன்வாசல் ஒன்று, பக்கக் கதவுகள் மூன்று. யாரும் குண்டுப் பார்சல் வைத்துவிட்டுப் போகாமலிருக்க, படம் தொடங்கியதும் பக்கக் கதவுகளைப் பூட்டச் சொல்லி மனேஜரின் உத்தரவு. சாவி என்னிடம். அன்று முந்நூறு பேரும் ஒரே வாசலில் போய் முட்டினார்கள். நான் ஒரு பக்கக் கதவைத் திறப்பதற்குள் மெற்றில்டா அக்கா கீழே விழுந்துவிட்டார். அவர் சந்தையில் மரக்கறி விற்பவர். எந்தப் புதுப் படத்துக்கும் முதல் நாள் பகல் காட்சியான மெட்னியில் இருப்பார். அவருக்குத் தோள் எலும்பு முறிந்தது.

மனேஜர் செல்வரத்தினம் ஐயா நெற்றியைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"விசர்ச் சனம். படத்தில வாற சத்தத்துக்கு ஓடுதுகள்."

"ஐயா, பக்கக் கதவுகளைப் பூட்டாம விடுவமா?"

"விட்டு, ஆராவது பார்சலை வைச்சிட்டுப் போனா? நீயோ பதில் சொல்லுவாய்?"

அவர் சொன்னதும் பிழையில்லை.

2. பழசும் புதுசும்

அது ஒரு பழைய பேய்ப் படத்தைத் திரும்ப எடுத்தது. பழசு கறுப்பு வெள்ளை. நான் வேலைக்குச் சேர்ந்த வருடம் ஞாயிறு காலைக் காட்சியாக ஓடியது. தோட்டத்துப் பங்களா ஒன்றின் மாடிப்படியில் ஈரக் காலடி. ஒவ்வொரு இரவும் ஒரு படி மேலே ஏறியிருக்கும். கடைசிவரை பேயைக் காட்டமாட்டார்கள். அந்தக் காட்சி வரும்போது படம் ஓட்டும் ஒபரேட்டர், சிங்களவரான பியசேன அய்யே, தானாகவே சத்தத்தைக் குறைப்பார். மின்விசிறி சுற்றுவது கேட்கும். யாரும் எழும்பியதில்லை. கதிரையைப் பிடித்துக்கொண்டு இருந்தார்கள்.

புதுசில் அதே பங்களா, அதே படி. ஐந்தாவது நிமிடத்தில் பேய் வந்து முகத்தைக் காட்டிவிடுகிறது. நான் எல்லாவற்றையும் குறை சொல்லவில்லை. கலர் நன்றாக இருந்தது. கதாநாயகி பழைய படத்துப் பெண்ணைவிட நன்றாக நடித்தார். சத்தம்தான் தாங்க முடியவில்லை.

பியசேன அய்யேயிடம் சொன்னேன். அவர் என்னைத் தம்பி என்பதற்குச் சிங்களத்தில் மல்லி என்றுதான் கூப்பிடுவார். சிரித்தார்.

"மல்லி, பழைய படம் எடுத்தவன்கிட்ட சல்லி இல்ல. அதனால பேயக் காட்டல்ல. இவன்கிட்ட சல்லி இருக்கு. அதான் கரச்சல்."

அடுத்த காட்சியில் சத்தத்தைக் குறைத்தும் பார்த்தார். புது ஸ்பீக்கர் என்று போஸ்டரிலேயே போட்டிருந்ததால் ஆட்கள் ஊளையிட்டார்கள். திரும்பக் கூட்ட வேண்டியதாயிற்று.

3. அறிவிப்பு

"அப்ப நீயே முன்னுக்குப் போய் நிண்டு சொல்லு, சவரி. எங்க சத்தம் வரும் எண்டு சொன்னா ஓடமாட்டினம்," என்றார் மனேஜர், நான் திரும்பவும் கதவைப் பற்றிக் கேட்டபோது.

எனக்கு நாலு பேருக்கு முன்னால் பேச வராது. கலியாண வீட்டிலும் பின்னால் நிற்கிறவன். மறுநாள் முதல் காட்சியில் திரைக்கு முன்னால் போய் நின்றேன். குரல் வெளியே வரவில்லை.

"அண்ணே, கொஞ்சம் சத்தமா! பேய்க்குக் கேக்கல்லயாம்!"

"எத்தின மணிக்கு வரும் அண்ணே? டீ குடிச்சிட்டு வாறன்!"

படத்தில் பெரிய சத்தம் நாலு இடத்தில் வரும். ஒவ்வொன்றுக்கும் முன்னால் சுவரில் இரண்டு தரம் டோர்ச் அடித்து, "இப்ப ஒண்டு வருது, படத்திலதான்" என்று சொல்வேன். சிரித்தார்கள். ஆனால் ஓடவில்லை. கிழமை முழுக்க ஒருவரும் விழவில்லை. ஒவ்வொரு காட்சியிலும் கேலிதான். இருந்தாலும் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை படக் கொம்பனி ஆள் வந்து பின்வரிசையில் இருந்து பார்த்தார். இடைவேளையில் என்னைக் கூப்பிட்டார்.

"நீ என்ன, பேயோட மாமாவா? முன்னுக்கு நிண்டு அறிமுகப்படுத்தி வைக்கிறா? எவன் பிறகு பயப்படுவான்?"

மனேஜர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "நாளைக்கு வாய் திறக்காத, சவரி."

4. சனிக்கிழமை

மறுநாள் மெட்னிக்குச் சனம் நிறைந்துவிட்டது. கொம்பனி ஆளும் திரும்ப வந்து பின்வரிசையில் இருந்தார். கையைத் துணியால் கழுத்தோடு கட்டிக்கொண்டு மெற்றில்டா அக்காவும் வந்தார்.

"இந்தக் கையோட ஏன் அக்கா வந்தீங்க?"

"மிச்சத்தப் பார்க்க வேணாமா? சும்மாவா விழுந்தன்?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "சத்தம் வாறதுக்கு முன்ன நீங்க சொல்லுவீங்களாமே?"

"இண்டைக்குச் சொல்ல ஏலாது அக்கா."

துணிக்கட்டைச் சரிசெய்துகொண்டு சுற்றிப் பார்த்தார். "அப்ப என்னய அந்தப் பக்கக் கதவுக்குக் கிட்ட இருத்துங்க, தம்பி."

இருத்தினேன். படம் தொடங்கியதும் அந்தக் கதவைப் பூட்டிவிடுவோம் என்பது அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

படம் ஓடத் தொடங்கியது. நான் சுவரோரம் நின்று அவருடைய கட்டுப் போட்ட கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அலமாரிக் காட்சிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது போய்ப் பூட்டைத் திறந்து, கதவை அகலத் தள்ளிவிட்டு, யாரும் உள்ளே வராதபடி வாசலில் நின்றுகொண்டேன். மூன்று மணி வெயில் உள்ளே விழுந்தது. திரையில் பாதி வெளிறிப்போனது.

"டேய், கதவச் சாத்துடா!"

"பேய்க்குக் கண் கூசுதாம், சவரி!"

கொம்பனி ஆள் பின்னால் இருந்து எழும்பி வந்துகொண்டிருந்தார். அப்போது சத்தம் வந்தது. முன்வரிசைகள் பாதி எழும்பின. எல்லாத் தலையும் வெளிச்சத்தின் பக்கம் திரும்பியது. வெளியே ரோட்டும், போகிற பஸ்ஸும் தெரிந்தன. ஒவ்வொருவராகத் திரும்ப இருந்துகொண்டார்கள். மெற்றில்டா அக்கா எழும்பவே இல்லை.

மனேஜர் வந்து கையை நீட்டினார். "சாவியைத் தா."

கொடுத்தேன். அன்றே என்னைச் சைக்கிள் பார்க்குக்கு மாற்றினார்கள். வெயிலிலும் மழையிலும் இரண்டு வருடம் அங்கே நின்றேன். படம் மூன்றாம் கிழமை தாண்டவில்லை.

அன்று காட்சி முடிந்து மெற்றில்டா அக்கா சைக்கிள் பார்க் வழியாகத்தான் போனார்.

"படம் எப்பிடி அக்கா?"

"பழசப் பார்த்திட்டு ஒரு மாசம் படியேறப் பயந்தனான். இதில அப்பிடி ஒண்டுமில்ல," என்றார். "ஆனா கடைசி மட்டும் இருந்து பார்த்தன்."

பழசு நல்லதா, புதுசு நல்லதா என்று இன்றைக்கும் என்னிடம் கேட்கிறார்கள். எனக்குப் பழசுதான். ஆனால் எந்தப் படத்துக்கும் ஆட்கள் பயப்படத்தான் வருகிறார்கள், சாக வருவதில்லை. வெளியே போக வழி இருக்கிறது என்று தெரிந்தால்தான் ஒருவர் இருந்து பயப்படுவார். இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு என்னால் சொல்ல முடிந்தது இவ்வளவுதான். விளக்கை அணைக்கும் முன் பக்கக் கதவைக் கையால் தள்ளிப் பாருங்கள். திறக்கவில்லை என்றால் படத்தைத் தொடங்க விடாதீர்கள்.